ஸ்டாண்டர்ட் பூடில்: பெரியதா, சிறியதா?

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறோம். பூடில் நாய் இனத்தில் பெரிய அளவான ஸ்டாண்டர்ட் பூடில் குட்டி வாங்க இரண்டு இடங்களில் பேசியிருக்கிறோம். ஓரிடத்தில் தாயும் தகப்பனும் நல்ல உயரம். 'ரோயல் ஸ்டாண்டர்ட்' என்று விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். மற்ற இடத்தில் தாய் சிறியது, முடி இறுக்கமான சுருட்டை. வீட்டில் வயதான அம்மாவும், மூச்சிழுப்பு உள்ள மகனும் இருக்கிறார்கள். பூடிலுக்கு முடி கொட்டாது என்கிறார்களே, எதை வாங்கலாம்?

பதில்: 'ரோயல்' என்ற பேச்சுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அது விற்பவர்கள் சூட்டிய பெயர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தோள்பட்டை உயரம் 38 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஸ்டாண்டர்ட்தான். பல நாட்டு நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதியில் 45 முதல் 60 வரை. அதற்குச் சற்றுக் குறைந்ததை நடுத்தரப் பூடில் என்று தனியாக வைக்கிறார்கள். அமெரிக்க நாய்ச் சங்கம் சொல்லும் நிறை கடுவனுக்கு 27 - 32 கிலோ, பெட்டைக்கு 18 - 23 கிலோ. ஆகவே நீங்கள் பார்த்த இரண்டுமே அசல் ஸ்டாண்டர்டாக இருக்கலாம். முப்பது கிலோ நாய் ஒன்று ஆசையோடு பாய்ந்தால் அம்மா விழுந்துவிடுவார். உங்கள் வீட்டுக்குச் சிறிய தாயின் குட்டிதான் பொருத்தம் என்பேன்.

முடி விஷயத்தில்தான் நிறையப் பேர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். பூடிலின் முடி கொட்டுவது குறைவு. ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும், உதிர்ந்த முடியும் சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும். ஏறக்குறைய ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மெல்லிய குட்டிமுடி மாறி வளர்ந்த முடி வரும்போது சிக்கு மிக மோசமாகும். மேலே பார்த்தால் பஞ்சாக இருக்கும். காதுக்குப் பின்னால் சீப்பை வைத்தால் தோல் வரை இறங்காது. நமது மலைநாட்டு மூடுபனியில் நனைந்து, சீவாமல் காய்ந்தால் அந்தச் சிக்கு இறுகிக் கம்பளியாகிவிடும், பிறகு மழிக்கத்தான் வேண்டும். கக்கம், கழுத்துப்பட்டி உரசும் இடம், காலிடுக்கு எல்லாம் இப்படித்தான். உடல் முழுக்க முடியைக் கட்டையாக வெட்டி வைத்திருங்கள். தேயிலைக்குள் போய்வந்தால் அட்டை இருக்கிறதா என்று விரலிடுக்கில் பார்ப்பதும் சுலபம். வெட்டுவதற்கு ஆள் யார், எவ்வளவு கேட்பார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

மகன் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒவ்வாமை தருவது முடி அல்ல, எச்சிலும் தோல் பொடியும்தான். எல்லா நாய்க்கும் அவை உண்டு. வைத்தியரிடம் கேட்டுவிட்டு, மகனை விற்பவர் வீட்டு வளர்ந்த நாய்களோடு சில தடவை இருக்கவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் குணம். தண்ணீரில் விழுந்த வேட்டைப் பறவையை எடுத்துவரப் பழக்கிய இனம் இது. நடையும் வேலையும் இல்லாவிட்டால் வீட்டைக் குடைந்துவிடும். ஒரே ஈற்றில்கூட ஒன்று சாந்தமாகவும் ஒன்று துருதுருவென்றும் இருக்கும். எனவே வட்ஸ்அப் வீடியோவை நம்பி முற்பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய்த் தாயைப் பாருங்கள். அந்நியரைக் கண்டு குரைத்துவிட்டு அடங்கினால் சரி. நடுங்கி ஒளிந்தாலோ, விடாமல் உறுமினாலோ திரும்பிவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் குட்டியைத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா, குடும்பத்தில் அடிசன் நோய் (அட்ரினல் சுரப்பி போதிய அளவு சுரக்காத நோய்) வந்ததா என்றும் கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு, அடிசன் நோய் இரண்டும் இந்த இனத்தில் வருபவை. தடுப்பூசி அட்டையையும் ரசீதையும் கையில் வாங்குங்கள். மிருக வைத்தியர் பார்த்து ஏதாவது குறை சொன்னால் குட்டியைத் திருப்பி எடுப்போம் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வெள்ளி நிறம் என்று சொல்லி ஹட்டனில் கறுப்புக் குட்டியைக் காட்டுகிறார்கள். ஏமாற்றா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. வெள்ளிப் பூடில் பிறக்கும்போது கறுப்புத்தான். சில வாரங்களில் முகத்தை மழித்தால் அடியில் வெளிறத் தொடங்கியிருப்பது தெரியும். முழு நிறம் வர இரண்டு வயதுகூட ஆகலாம். முகத்தை மழித்துக் காட்டச் சொல்லுங்கள்.