முகத்தில் எலக்ட்ராலிசிஸ் செய்தபின் தாடையும் மேலுதடும் சிவந்து, தடித்து எரிகிறது. எப்படித் தணிப்பது?

அன்றே சிவப்பதும் தடிப்பதும் இயல்புதான். முடி திரும்ப முளைக்காதிருக்க ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் ஊசியை இறக்கி, மின்சாரத்தால் வேரைச் சுட்டிருக்கிறார்கள். இதில் மூன்று முறைகள் உண்டு. தெர்மாலிசிஸ் என்றால் சூட்டால். கால்வானிக் என்றால், தோலுக்குள் இருக்கும் உப்பும் நீரும் மின்சாரத்தில் மாறி, துளியூண்டு காஸ்டிக் சோடா உண்டாகி வேரை அரிக்கும். பிளெண்டில் இரண்டும் உண்டு. உண்டான காரம் உடனே அடங்கிவிடாது என்பதால் கால்வானிக், பிளெண்ட் செய்தவர்களுக்கு வீக்கம் சற்று நீடிக்கலாம். சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் சிவப்பு தானாக வடியும்.

மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் அந்தச் சிவப்பு பெரிய விஷயமே இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளிதான் தலைவலி. அது பெரும்பாலும் முதல் வாரத்தில் கிள்ளுவதாலும், தேய்ப்பதாலும், கண்டதைப் பூசுவதாலும், வெயிலாலும் வருகிறது.

முதல் நாள் மாலை ஐஸ் போதும். இரண்டு மூன்று கட்டிகளைத் துவைத்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, 5 நிமிடம் வைத்து 10 நிமிடம் எடுங்கள். மூன்று முறை செய்யலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். மரப்பு கிரீம் போட்டிருந்தால் குளிர் சுடுவதுகூடத் தெரியாது, அதுவே ஒரு புண்ணாகிவிடும்.

அடுத்து, உப்பு நீர் ஒத்தடம். மருந்துக் கடையில் ‘என்.எஸ். 100 மி.லி.’ என்று கேட்டால் சலைன் பாட்டில் தருவார்கள். வீட்டில் செய்வதானால், கொதித்து ஆறிய 250 மி.லி. நீருக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகத் தூள் உப்பு. கூடினால் எரியும். சுத்தமான காஸ் துணியை நனைத்து 10 நிமிடம் போட்டுவிட்டு, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். காலை, இரவு இரண்டு வேளை, இரண்டு நாள். மிச்ச நீரை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

எல்லோரும் சொல்வது சோற்றுக்கற்றாழை. நல்லதுதான், ஆனால் மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் தோலை அரிக்கும். வெட்டு வாய் கீழே இருக்கும்படி மடலை 15 நிமிடம் நிறுத்தி, பால் வடிந்தபின் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவ வேண்டும். அப்படிச் செய்தாலும் தொட்டிச் செடி கிருமி நீக்கிய பொருள் அல்ல. உங்கள் முகத்திலோ நூற்றுக்கணக்கில் ஊசித் துளைகள். முதல் நாளுக்கு வாசனையும் ஆல்கஹாலும் சேராத கடை ஜெல்லே மேல். அரிப்பு இருந்தால் காலமைன் லோஷனை மெல்லியதாகத் தடவலாம். காய்ந்த படலத்தைச் சுரண்டாமல் தண்ணீர் விட்டுக் கரைத்து எடுங்கள்.

மஞ்சள், எலுமிச்சை, பற்பசை, டீ ட்ரீ எண்ணெய் எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுக்கும். மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமை தரும். கறை படிவதால் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்பதும் தெரியாமல் போகும்.

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கிரீம்தான் எல்லாவற்றிலும் மோசம். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், அல்லது இவை கலந்த ‘சிவப்பழகு’ டியூப்கள். பூசியதும் சிவப்பு மாயமாய் மறையும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், பரு வரும், முகத்தில் முடியும் வளரும். முடியை எடுக்கக் காசு கொடுத்துவிட்டு முடி வளர்க்கும் கிரீமைப் பூசுவதில் என்ன பொருள்? வீக்கம் தாங்கவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு 1% ஹைட்ரோகார்டிசோன் ஓரிரு நாள், அதோடு நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் நாளில் கடுகைவிடச் சின்னதாகப் பழுப்புப் பொருக்குகள் தெரியலாம். கை பரபரக்கும், கிள்ளாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் தானே உதிரும். இறுகி இழுத்தால் பெட்ரோலியம் ஜெல்லியை விரல் நுனியால் தொட்டு வைத்தால் போதும். அதுவரை ஸ்க்ரப், ப்ளீச், ஃபேஷியல், ஆவி பிடித்தல், ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் சேர்ந்த கிரீம்கள் எல்லாம் நிறுத்தம். மேக்கப்புக்குக் குறைந்தது 24 மணி நேரம்; பொருக்கு இருந்தால் அது விழும் வரை. ஜிம், நீச்சல்குளத்துக்கு இரண்டு நாள் விடுமுறை.

பலர் கவனிக்காத ஒன்று ஹெல்மெட் வார். வியர்வையோடு சரியாக அந்தத் தாடையிலேயே உரசும். நாலு நாளைக்கு வாரின் மேல் தினமும் புதிதாக ஒரு துவைத்த கைக்குட்டையைச் சுற்றிக்கொள்ளுங்கள். தலையணை உறையை மாற்றுங்கள், போனைக் கன்னத்தில் ஒட்டாமல் பேசுங்கள். மறுநாளிலிருந்து ஜிங்க் ஆக்சைடு சேர்ந்த, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் அவசியம். தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள்.

இடையில் முளைப்பதைக் கத்தரியால் வெட்டலாம். த்ரெடிங், வாக்ஸிங் வேண்டாம். வேரோடு பிடுங்கினால் அடுத்த முறை ஊசிக்கு முடியே அகப்படாது.

இரண்டு நாள் கழித்தும் வலி கூடிக்கொண்டே போனால், சூடாக வீங்கினால், மஞ்சள் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். மேலுதடு, மூக்கு அருகே சீழ்க்கட்டி வந்தால் பிதுக்கவே கூடாது. உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். முன்பு வந்தவர்கள் அடுத்த முறைக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் தடுப்பு மாத்திரை தருவார்.

ஒவ்வொரு முறையும் இப்படியே ஆனால், குறை கிரீமில் இல்லை, ஊசி போடும் விதத்தில் இருக்கிறது. வேரைச் சுட்டபின் இடுக்கியால் எடுக்கும்போது முடி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சுருக்கென்று பிடுங்கும் உணர்வு இருந்தால் வேர் சாகவில்லை. துளையைச் சுற்றி உடனே வெளுத்தால் ஊசி போதிய ஆழம் போகாமல் மேல்தோல் வெந்திருக்கிறது. நீலம் பாரித்தால் ஆழம் கூடிப்போய் ரத்தக் குழாயைக் குத்தியிருக்கலாம். நெருக்கமான முடிகளை வரிசையாகச் சுட்டால் ஒன்றின் சூடு அடுத்ததோடு சேர்ந்துவிடும். ஒன்று விட்டு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள், மேலுதட்டில் கண்டிப்பாக. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறவராக இருந்தால் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். ஸ்டீல் ஊசியிலும் நிக்கல் உண்டு, தங்க முலாம் பூசிய ஊசி கேளுங்கள். அடுத்த முறை தாடையின் ஓர் ஓரத்தில் மட்டும் 10 நிமிடம் செய்துகொண்டு, பத்து நாள் கழித்து அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்தபின் மற்ற இடத்துக்குப் போகலாம்.