காலையில் மட்டும் கரகரக்கும் எஸ்.எம்.பி.எஸ்.: எண்ணெய் விடுவதா, மாற்றுவதா?

கேள்வி: குளச்சல் பக்கத்தில் சின்னதாக ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். கடையில் இருப்பது 2012-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு மாதமாகக் காலையில் ஆன் செய்ததும் பின்பக்கத்தில் ‘கரகர’வென்று சத்தம், பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பெட்டியைத் தொட்டால் சில நேரம் லேசாக ஷாக்கும் அடிக்கிறது. சர்வீஸ் செய்பவர் ஃபேனுக்கு எண்ணெய் விட்டால் போதும் என்கிறார். தம்பியோ, கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் டப்பாவான எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றச் சொல்கிறான். யார் சொல்வது சரி? நானே மாற்றலாமா?

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. நீங்களே மாற்றவும் முடியும். ஆனால் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், சத்தம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதை மாற்றிவிட்டு வந்து, மறுநாள் காலையில் அதே கரகரப்பைக் கேட்டவர்கள் நிறையப் பேர்.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, பழைய செய்தித்தாளைக் குழாய் மாதிரி சுருட்டி ஒரு முனையைக் காதில் வையுங்கள். மறுமுனையை முதலில் பிராசஸர் ஃபேன் பக்கமும், அடுத்து ஹார்ட் டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ். பக்கமும் கொண்டுபோனால் சத்தம் எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிடும். எதையும் தொட வேண்டாம். ‘டிக் டிக்’ என்று சீராக வந்தால் ஏதோ ஒயர் ஃபேன் இறக்கையில் உரசுகிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று வந்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு முதலில் ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். கொசு மாதிரி மெல்லிய ‘கீச்’ சத்தம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் அதிர்வதால் வருவது. எரிச்சலூட்டுமே தவிர ஆபத்தில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளம் ஃபேன் பேரிங் தேய்ந்ததற்கானது. விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். ஒரு சின்னக் குழாய்க்குள் தண்டு சுழலும். நடுவே துளி எண்ணெய்தான். வருடக்கணக்கில் அந்த எண்ணெய் காய்ந்து தூசியோடு பசையாகிவிடும். காலையில் குளிர்ந்திருக்கும்போது இறுகிக் கரகரக்கும். சூடேறினால் இளகி அடங்கும். கடலோரக் கடை என்றால் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து இதை விரைவுபடுத்தும். உள்ளே படியும் தூசியை உப்பு காயவிடாமல் ஈரமாகவே வைத்திருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நானே பட்டவன். தொழில் பழகிய காலத்தில் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில், கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுவிட்டு வந்தேன். சத்தம் அன்றே நின்றது. வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். சில வாரத்தில் எண்ணெய் கெட்டிப்பட்டு ஃபேன் நின்று, சூட்டில் எஸ்.எம்.பி.எஸ். கருகியது. தையல் மெஷின் எண்ணெய் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். எண்ணெய் விட எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறந்தாக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். நம் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே டிசியாக (ஒரே திசையில் பாயும் மின்சாரமாக) மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கலாம். பழகாத கை அங்கே போகவே கூடாது.

ஃபேனை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகளும் உண்டு. இரண்டு மூன்று வருடப் பழையது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்களுடையது 2012-ல் வாங்கியது. ஃபேன் தேய்ந்த அளவுக்குக் கெபாசிட்டர்களும் உலர்ந்திருக்கும். ஓட்டை வள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்து என்ன பயன்?

சரி, எதை வாங்குவது? கடையில் முதலில் எடுத்து நீட்டுவது ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சடித்த, கையில் எடுத்தால் காலி டப்பா போலிருக்கும் ஒன்று. அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் அட்டவணையில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். பிராசஸருக்குப் போவது இந்த 12 வோல்ட் லைன்தான் என்பதால், அந்த 450-க்கு உண்மையான மதிப்பு இவ்வளவுதான். நல்ல கம்பெனியின் 400 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இதே இடத்தில் 30 ஆம்பியர் அளவில், அதாவது 360 வாட் இருக்கும். உங்கள் மெஷின் முழுவேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டாது. எனவே 600, 700 வாட்டெல்லாம் தேவையில்லை. ‘80 பிளஸ்’ முத்திரையும் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) குறைந்தது மூன்று வருட வாரண்டியும் உள்ள 350 அல்லது 400 வாட் போதும்.

அசெம்பிள் மெஷின் என்பதால் அளவு பெரும்பாலும் வழக்கமான ஏடிஎக்ஸ்தான்: அகலம் 150 மி.மீ., உயரம் 86 மி.மீ. ஆழம் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். (பிராண்டட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: டெல், எச்பி, லெனோவா மெஷின்கள் பலவற்றில் கனெக்டரே வேறு. கழற்றியதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.) உங்களிடம் யுபிஎஸ் இருந்தால் அதன் மாடலையும் கடையில் சொல்லுங்கள். புது எஸ்.எம்.பி.எஸ்.கள் சில, விலை குறைந்த யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் கரண்ட் போகும் நொடியில் ஆஃப் ஆகிவிடும்.

மாற்றுவது அரைமணி நேர வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் இருக்கும் 24 பின் கனெக்டரின் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நேராக மேலே இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழைய போர்டு இறுகிப் பிடித்திருக்கும், எனவே இன்னொரு கையால் போர்டை வளையாமல் தாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கம் நான்கு ஸ்குரூ. உங்கள் ஊர்க் காற்றுக்கு அவை துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். சரியான அளவு ஸ்குரூ டிரைவரை நன்றாக அழுத்தித் திருகுங்கள், தலை மழுங்கினால் பெரும்பாடு.

புதியதைப் பொருத்தும்போது பலர் மறப்பது, பிராசஸருக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் 4 பின் சாக்கெட். அதை விட்டுவிட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். போர்டு போய்விட்டது என்று பதறி ஓடிவருவார்கள். புதியதில் அது 8 பின்னாக இருந்தால் இரண்டாகப் பிரித்துப் பாதியை மட்டும் செருகுங்கள். ஆன் செய்ததும் பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய் வோல்டேஜைப் பாருங்கள்: 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருந்தால் சரி.

அப்புறம் அந்த ஷாக். அதற்கு எஸ்.எம்.பி.எஸ். பழையதானதுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம், புதியதிலும் அடிக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்கம்பிகளுக்கும் டப்பாவின் உலோக உடலுக்கும் நடுவே சின்ன ஃபில்டர் கெபாசிட்டர்கள் உண்டு. அவற்றில் கசியும் துளி மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் பெட்டி முழுக்க சுமார் 115 வோல்ட் நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு விடுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருக்கிறதா, கட்டடத்தின் எர்த் கம்பி உப்பில் அரித்துப்போய்விட்டதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இதைப் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் முன்பே செய்துவிடுங்கள். ஐப்பசி இடியில் அடிபட்டு என்னிடம் வந்த போர்டுகள் பலவும் எர்த் இல்லாத வீடுகளிலிருந்து வந்தவைதான்.

வாரண்டிக்குப் பில் வேண்டும். இப்போதெல்லாம் பல கடைகளில் தருவது சில மாதத்தில் மங்கிப்போகும் தெர்மல் தாள். வாங்கிய அன்றே உங்கள் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.