கேமரா கேள்வி பதில்: லென்ஸ் பேரு எங்க தொலைஞ்சுது?

கேள்வி: அண்ணா, என்கிட்ட கேனன் 700டி இருக்கு, கூட செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பழைய டாம்ரான் 17-50 எஃப் 2.8 லென்ஸ். லினக்ஸ்ல டார்க்டேபிள்ங்கிற சாஃப்ட்வேர்ல தான் எடிட் பண்றேன். லென்ஸால வர்ற வளைவயும் ஓரத்து இருட்டயும் சரி பண்ற லென்ஸ் கரெக்‌ஷன் ஆன் பண்ணா லென்ஸ் கட்டம் காலியா நிக்குது. வேற ஒரு வியூயர்ல தொறந்தா கேனன் 28-70 எல் லென்ஸ்னு காட்டுது! லென்ஸ் டூப்ளிகேட்டா, இல்ல கேமரா காண்டாக்ட் போச்சா? (திருச்சி வாசகர்)

பதில்: ரெண்டும் இல்ல தம்பி, லென்ஸ வித்தவரத் திட்டாதீங்க. போட்டோல அப்பர்ச்சர் நம்பரும் எத்தனை மிமீ-ல எடுத்தீங்கன்னும் ஒழுங்கா பதிவாகுதுல்ல, அப்ப காண்டாக்ட் நல்லாத்தான் இருக்கு.

கேனன் இஎஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் கேமராவோட பொருந்துற அமைப்பு, 1987-ல வந்தது. அதுல லென்ஸ் தான் எந்த லென்ஸ்னு கேமரா பாடிக்கு சொல்றது ஒரு நம்பரு, அந்த நம்பரு ஃபைலுக்குள்ள மேக்கர்நோட்னு கேனன் தனக்குன்னு வச்சிருக்கிற பகுதில போய் உக்காருது. டாம்ரான், சிக்மா மாதிரி வெளிக் கம்பெனிங்களுக்கு கேனன் நம்பர் ஒதுக்கிக் குடுக்கல, அவங்களே கேனன் லென்ஸ் ஏதாவது ஒண்ணோட நம்பர எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. உங்க டாம்ரானோட நம்பரு 161. அதே 161 தான் கேனன் 28-70 எல்-க்கும், டாம்ரான் 28-75-க்கும், சிக்மா 24-70 பழசுக்கும். ஒரே கதவு எண்ல நாலஞ்சு குடித்தனம், தபால்காரர் என்ன பண்ணுவாரு?

நல்ல சாஃப்ட்வேரா இருந்தா நம்பர மட்டும் நம்பாது, 17-50னு ஜூம் அளவையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் சேத்துப் பாத்து இது டாம்ரான் தான்னு கண்டுபிடிக்கும். உங்க வியூயர் அந்த வேலைய செய்யல, லிஸ்ட்ல மொதல்ல இருந்த பேர எடுத்து ஒட்டிடுச்சு, அவ்ளோதான். லென்ஸ் பேர எழுத்தாவே எழுதுறதுக்கு எக்ஸிஃப்ல (போட்டோ ஃபைலுக்குள்ளயே எழுதி வைக்கிற விவரங்கள்ல) பொதுவான கட்டம் ஒண்ணு 2010-ல வந்த 2.3 பதிப்புல தான் சேந்துச்சு, ஆனா இந்த மாதிரி பழைய லென்ஸ்னா அதுலயும் பாடி வெறும் "17-50மிமீ"னு தான் எழுதி வைக்கும், கம்பெனி பேரே இருக்காது.

டார்க்டேபிள் கதை வேற. அதுல ரெண்டு பேர் வேல பாக்குறாங்க. எக்ஸிவ்2 ஃபைல்லேர்ந்து லென்ஸ் பேரப் படிச்சுக் குடுக்கும், லென்ஸ்ஃபன் அந்தப் பேர தன்னோட டேட்டாபேஸ்ல தேடி கரெக்‌ஷன் கணக்கக் குடுக்கும். ஒருத்தர் சொல்ற பேரு இன்னொருத்தர் லிஸ்ட்ல இருக்கிற பேரோட ஒத்துப்போகலேன்னா கட்டம் காலி. அதனால எதையும் மாத்துறதுக்கு முன்னாடி பேரு எந்த எடத்துல தொலையுதுன்னு பாருங்க. டார்க்டேபிள்லயே இமேஜ் இன்ஃபர்மேஷன்ல லென்ஸ்னு ஒரு வரி இருக்கும். அங்க டாம்ரான்னு சரியா வந்து கரெக்‌ஷன் மட்டும் காலின்னா லென்ஸ்ஃபன் டேட்டாபேஸ் பழசு, அத அப்டேட் பண்ணுங்க, பாதிப் பேருக்கு இதுலயே சரியாயிடும். அங்கயே தப்பா வந்தாலோ வெறும் நம்பர் வந்தாலோ எக்ஸிவ்2 பக்கம் பிரச்சனை. அதுக்கு ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வச்சு எக்ஸிவ்2னு (.exiv2) ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு (விண்டோஸ்னா exiv2.ini), கேனன் தலைப்புக்குக் ([canon]) கீழ 161 சமம் உங்க லென்ஸ் பேருன்னு ஒரு வரி எழுதணும். பேர சொந்தமா டைப் பண்ணாதீங்க, டார்க்டேபிள் லென்ஸ் லிஸ்ட்ல எப்படி இருக்கோ ஸ்பேஸ் கூட மாறாம அப்படியே எழுதணும். ஏற்கனவே இம்போர்ட் பண்ண போட்டோவுக்கு பழைய பேரே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுங்கள செலக்ட் பண்ணி ரிஃப்ரெஷ் எக்ஸிஃப் குடுங்க. பின்னாடி 161 நம்பர்லயே இன்னொரு லென்ஸ் வாங்கினீங்கன்னா அதையும் டாம்ரான் 17-50னு தான் சொல்லும், அப்ப அந்த வரிய எடுத்துடுங்க.

இதெல்லாம் வேணாம்னா லிஸ்ட்ல கையாலயே லென்ஸ செலக்ட் பண்ணலாம், நாலு போட்டோவுக்கு அது போதும். கல்யாண ஆல்பம் மொத்தத்துக்கும் காப்பி பேஸ்ட் பண்ணப் போறீங்கன்னா ஒவ்வொண்ணுலயும் ஃபோக்கல் லெங்த் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க, ஏன்னா 17-ல வர்ற வளைவு வேற, 50-ல வர்றது வேற. தப்பான கரெக்‌ஷன் போட்டு மண்டபத்துத் தூண வளைக்கிறதுக்கு கரெக்‌ஷனே இல்லாம விடுறது மேல்.

கேள்வி: லைட்ரூம்ல ரா ஃபைலுக்கு லென்ஸ் ப்ரொஃபைல் தானா வருது, அதே லென்ஸ்ல எடுத்த ஜேபெக்குக்கு வரமாட்டேங்குது. ஏன் சார்? (மதுரை வாசகி)

பதில்: இது கோளாறே இல்லைங்க. லைட்ரூம் செய்யுற அடோபி கம்பெனியோட ப்ரொஃபைல்கள் (லென்ஸுக்கு லென்ஸ் சரி பண்ற கணக்கு) ராவுக்கு, அதாவது கேமரா திருத்தாத மூல ஃபைலுக்குத் தனி, ஜேபெக்குக்குத் தனி, பெரும்பாலான லென்ஸுக்கு ராவுக்கு மட்டும் தான் செஞ்சிருக்காங்க. ஜேபெக்ல கேமராவே உள்ளுக்குள்ள ஓரத்து இருட்டயும் வளைவயும் சரி பண்ணியிருக்க வாய்ப்பிருக்கு, அதுக்கு மேல நீங்க ஒண்ணு போட்டா ரெண்டு தடவ ஆயிடும், நேர்க்கோடு எதிர்ப்பக்கமா வளையும். ப்ரொஃபைல் ஃபைலத் தொறந்து ரா-ங்கிற குறிப்ப மாத்தி ஜேபெக்குக்கும் வர வைக்கிற குறுக்குவழி ஒண்ணு சுத்துது. வளைவுக்கு ஓரளவு ஒத்து வரும், ஓரத்து வெளிச்சம் சரியா வராது. நான் பண்ணமாட்டேன். மேனுவல் டேப்ல டிஸ்டார்ஷன் ஸ்லைடரக் கொஞ்சம் நகத்துங்க, போதும்.

கேள்வி: அடாப்டர் போட்டு ஹீலியோஸ் 44-2ங்கிற பழைய 58 மிமீ லென்ஸ் யூஸ் பண்றேன். லென்ஸ் பேரு, அப்பர்ச்சர் எதுவும் வரல. (கோவை வாசகர்)

பதில்: வராது. முழுக்க மேனுவல் லென்ஸ், உங்க அடாப்டர்லயும் சிப் இல்ல போல, பாடிக்குத் தகவல் எப்படிப் போகும்? நிக்கான் டி7200 மாதிரி பாடியா இருந்தா நான்-சிபியு லென்ஸ் டேட்டானு மெனு இருக்கும், பழைய நிக்கார் லென்ஸோட அளவ அதுல பதிஞ்சு வச்சுக்கலாம். மத்தவங்களுக்கு எக்ஸிஃப் எழுதுற எக்ஸிஃப்டூல்ங்கிற சாஃப்ட்வேர் தான். 58 மிமீ, லென்ஸ் பேரு ரெண்டையும் மொத்த ஃபோல்டருக்கும் ஒரே தடவைல எழுதிடும், பழைய ஃபைலையும் ஒரிஜினல்னு பேர் மாத்தி பக்கத்துலயே வச்சுக்கும். லைட்ரூம்ல இம்போர்ட் பண்றதுக்கு முன்னாடியே எழுதிடுங்க, அப்புறமா எழுதிட்டு ரீட் மெட்டாடேட்டா குடுத்தா சேவ் பண்ணாத எடிட் போயிடும். அப்பர்ச்சர் மட்டும் ஷாட்டுக்கு ஷாட் மாறும், ஞாபகம் இல்லேன்னா காலியா விடுங்க, குத்துமதிப்பா எழுத வேணாம். பாடில ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்த சரி பண்ற வசதி) இருந்தா அதுலயும் 58 இல்ல கிட்டத்துல உள்ள நம்பர கையால வைக்கணும், அத மறந்தா படம் ஷேக் ஆகும். ப்ரொஃபைல் தேடி அலையாதீங்க, பின்னணி மங்கலா சுழல்ற மாதிரி வர்ற அந்த சுழல் பொக்கேக்காகத் தானே இந்த லென்ஸ வாங்கினீங்க!

கேள்வி: ஃப்ரெண்டு வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோல லென்ஸ் விவரமே இல்ல. மீட்க முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியாது. போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் எக்ஸிஃப உரிச்சுட்டுத் தான் அனுப்பும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.