கௌலூன் மதில் நகரம்: பரப்பளவை மட்டும் பார்க்காதீர்கள்

கௌலூனில் சீனா தன் கையில் வைத்திருந்த ஆறரை ஏக்கர் மதில் நகரக் கோட்டை, பிரிட்டிஷாரின் ஹாங்காங் முழுமைக்கும் எப்படி ஆபத்தாகும் என்ற கேள்வியில் உங்கள் கட்டுரை நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மதிலை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த நிலத்தைச் சீனா பிரிட்டனுக்குக் குத்தகைக்கு விட்ட 1898 ஒப்பந்தத்தைப் படியுங்கள். சீன அதிகாரிகள் நகருக்குள் நிர்வாகம் நடத்தலாம் என்பதோடு அது நிற்கவில்லை. அருகிலிருந்த படகுத்துறையில் சீனப் போர்க்கப்பல்கள் விருப்பம்போல் வந்து நிற்கலாம். உள்நாட்டுக்குச் செல்லும் சாலையையும் சீனர் பயன்படுத்தலாம். துறைமுகத்தை ஒட்டியே அயல்நாட்டுக்கு ஓர் இறங்குதுறை! காவல்படை எத்தனை பேர் என்பது பெரிதல்ல. போர் மூண்டால் அந்த வழியாக ஆளும் உளவும் வரும் என்பதே கவலை.

ஆகவேதான் ஹாங்காங் பாதுகாப்பின் ராணுவத் தேவைகளுக்கு முரணாகாதவரை மட்டுமே அந்த நிர்வாக உரிமை என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. 1899 ஏப்ரலில் குத்தகை நிலத்துக் கிராமத்தார் ஆயுதமேந்தினார்கள். கான்டன் (இன்றைய குவாங்சோ) நகரிலிருந்த சீன ஆளுநரின் வீரர்கள் துணைபோனதாகச் சந்தேகித்த பிரிட்டிஷார் மே மாதம் மதிலுக்குள் நுழைந்தார்கள். டிசம்பரில் அரசாணை போட்டுச் சீன உரிமையை ரத்து செய்தார்கள். சீனா அதை ஏற்கவில்லை. ஆபத்து நிஜமா, சாக்கா? என் கணிப்பில் பாதிக்குமேல் சாக்கு.

ஒப்பீட்டுக்கு, பிரிட்டிஷ் இந்தியாவின் நடுவே பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியை எடுங்கள். பிரெஞ்சுக்காரர் அங்கே கோட்டை கட்டக்கூடாது, காவல் பணிக்கு வேண்டிய வீரர்களை மட்டுமே வைக்கலாம் என்று 1814 பாரிஸ் உடன்படிக்கை முன்கூட்டியே கட்டிப்போட்டது.