கியோட்டோ கோயில்களுக்கு ஒரு நாள்: ஆளுக்கு 10,000 யென் வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் அக்டோபரில் ஜப்பான் போகிறோம். கியோட்டோவில் ஒரு முழு நாளைக் கோயில்களுக்கென்றே வைத்திருக்கிறோம். அன்றைக்கு ஆளுக்கு 10,000 யென் ஒதுக்கியிருக்கிறேன், போதுமா? 1,100 யென் ஒருநாள் பஸ் - மெட்ரோ பாஸ் வாங்கலாமா? இருவரும் சைவம். என் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்அப் உண்டு.
– வாசகர், திருச்சி

பதில்: தங்கும் செலவு நீங்கலாக ஆளுக்கு 7,000 யென் தாராளமாகப் போதும். திட்டமிடுவதற்கு ஒரு யென்னை 60 பைசாவாக வைத்துக்கொண்டால் 4,200 ரூபாய் ஆகிறது. கோயில் டிக்கெட்டில் பணம் அதிகம் போவதில்லை. ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அலைவதிலும், யோசிக்காமல் கொடுக்கும் 500 யென்களிலும், கார்டு கட்டணத்திலும்தான் கரைகிறது. அதனால் முதலில் வழியை முடிவு செய்யுங்கள்.

காலை 6 மணிக்கு கியோட்டோ ஸ்டேஷனில் ஜேஆரின் (ஜப்பான் ரயில்வே) நாரா லைன் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் இனாரி. கட்டணம் சுமார் 150 யென். சாதாரண வண்டியில்தான் ஏற வேண்டும். மியாகோஜி வேகவண்டி இனாரியில் நிற்காமல் போய்விடும். ஃபுஷிமி இனாரி ஆலயம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. 233 மீட்டர் மலையை முழுதாகச் சுற்றிவர இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். உங்களுக்கு யோட்சுட்சுஜி சந்திப்புவரை ஏறினால் போதும். நகரம் முழுவதும் அங்கிருந்தே தெரியும். ஏற 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப்போகத் தண்ணீர் பாட்டில் விலையும் ஏறும், கீழேயே வாங்கிவிடுங்கள்.

இறங்கியதும் ஜேஆருக்குத் திரும்பாமல், பக்கத்திலேயே இருக்கும் கெய்ஹான் ரயிலில் கியோமிசு-கோஜோவுக்குப் போங்கள். கட்டணம் 300 யென்னுக்குள் அடங்கும். அங்கிருந்து 25 நிமிடம் மேட்டில் நடந்தால் கியோமிசு-தேரா. டிக்கெட் 500 யென். 1633இல் திரும்பக் கட்டிய அந்த மர மேடைக்காக அதைத் தயங்காமல் கொடுக்கலாம்.

அதற்குப் பிறகு வடக்கு நோக்கி நடைதான். சன்னென்சாகா, நினென்சாகா தெருக்கள், யசாகா ஆலயம், சியோன்-இன் வளாகம், நான்சென்-ஜி வளாகம் எல்லாமே இலவசம். சியோன்-இன்னில் 1621இல் எழுப்பிய பிரம்மாண்டமான மர வாயிலைக் கீழே நின்றே பார்க்கலாம். நான்சென்-ஜியில் வாயில் மாடிக்கும் உள்தோட்டத்துக்கும் தனித்தனி டிக்கெட். இரண்டையும் விட்டுவிட்டு, வளாகத்துக்குள் செல்லும் செங்கல் நீர்ப்பாலத்தைப் பாருங்கள். அதற்குக் காசு இல்லை. அங்கிருந்து வாய்க்கால் ஓரமாகச் செல்லும் ‘தத்துவப் பாதை’ சுமார் 2 கி.மீ. முடிவில் கின்காகு-ஜி (Ginkaku-ji), அதாவது வெள்ளி மண்டபக் கோயில், 500 யென். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், 4 மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். திரும்ப பஸ் 230 யென்.

இப்போது பாஸ் கணக்கைப் பாருங்கள். அது ஜேஆரிலும் கெய்ஹானிலும் செல்லாது. இந்த வழியில் அதற்கு வேலை ஒரே ஒரு 230 யென் பஸ்தான். நாளுக்கு ஐந்து பஸ் ஏறினால்தான் 1,100 யென் பாஸ் கட்டுபடியாகும். இணையத்தில் இன்னும் பழைய பதிவுகளில் இருக்கும் 700 யென் பஸ் பாஸை நம்பாதீர்கள், அது நின்றுபோய்விட்டது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிக்கும் தங்க மண்டபமான கிங்காகு-ஜியையும் (Kinkaku-ji) இதே நாளில் திணிக்க வேண்டாம். அது ஊரின் வடமேற்கில் இருக்கிறது. பயணத்திலேயே பாதி மத்தியானம் போய்விடும். இன்னொரு நாள் ரியோவான்-ஜியோடு சேர்த்துப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே 20 நிமிட நடைதான்.

பஸ்ஸில் இறங்கும்போதுதான், முன்வாசலில், பணம் போட வேண்டும். பெட்டி மீதி தராது. பக்கத்து இயந்திரத்தில் 1,000 யென் நோட்டை மட்டும் மாற்றலாம். 5,000, 10,000 நோட்டு நீட்டினால் சிக்கல்.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு 2,500 யென் வையுங்கள். சைவர்களுக்குக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். இனாரி கோயில் வாசலில் விற்கும் இனாரி சுஷி (டோஃபு பைக்குள் சோறு), கிட்சுனே உடோன் (டோஃபு போட்ட நூடுல்ஸ்) இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது வறுத்த டோஃபுதான், ஆனால் அதை ஊறவைக்கும் சாறு பெரும்பாலும் மீன் சாறான தாஷி. ‘நிகு மோ சகானா மோ தபேமாசென்’ என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை என்று பொருள். அதோடு தாஷி பற்றியும் கேளுங்கள். நான்சென்-ஜி பக்கத்து டோஃபு விருந்துகள் பல 3,000 யென்னைத் தாண்டும். காலையில் கடையில் உமே (ஊறுகாய் போட்ட ஜப்பானியப் பழம்) வைத்த சோற்று உருண்டை, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினால், மதியம் ஒரு நல்ல சாப்பாட்டுக்கு மனம் துணிந்து செலவழிக்கலாம்.

நினைவுப்பொருளில் ஒன்றுக்கு மட்டும் பணம் ஒதுக்கச் சொன்னால், கோஷுயினுக்கு ஒதுக்குங்கள்: கோயிலில் தூரிகையால் எழுதி முத்திரை பதித்துத் தருவது. பெரும்பாலும் ஒன்று 300 முதல் 500 யென். அதற்கென்றே விற்கும் மடிப்பு நோட்டு சுமார் 2,000 யென். சாதாரண நோட்டில் எழுத மாட்டார்கள். இருவருக்கும் ஒரே நோட்டு போதும். காணிக்கைக்கு 5 யென் நாணயங்களைச் சேர்த்து வையுங்கள். ‘கோ-என்’ என்றால் 5 யென், நல்ல பிணைப்பு என்ற பொருளும் உண்டு. யாரும் தொகையைப் பார்ப்பதில்லை.

இவற்றைக் கூட்டினால் போக்குவரத்து 650, டிக்கெட் 1,000, சாப்பாடு 2,500, தண்ணீர் - காணிக்கை 500, நோட்டும் மூன்று கோஷுயினும் உங்கள் பங்குக்கு 1,750. மொத்தம் 6,400. மீதி 600 கையிருப்பு.

உங்கள் கார்டின் 3.5% மார்க்அப்புக்கு 18% ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13% ஆகிறது. பயணம் முழுவதும் 2 லட்சம் ரூபாய் தேய்த்தால் 8,260 ரூபாய் இதற்கே போகும். இந்த நாளில் மிச்சப்படுத்துவதைவிட அது பெரிய தொகை. மார்க்அப் இல்லாத கார்டு ஒன்றைப் புறப்படுவதற்கு முன்பே வாங்குங்கள். கடை இயந்திரம் ‘ரூபாயா, யென்னா’ என்று கேட்டால் எப்போதும் யென். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போடாதீர்கள், வட்டி அன்றே ஓடத் தொடங்கும். டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் கார்டில் ஒரே தடவையாக எடுங்கள். கோயில் கவுன்டர்கள் பலவற்றில் ரொக்கம்தான் செல்லும் என்பதால், அன்றைய 7,000 யென்னையும் 1,000 யென் நோட்டுகளாக வைத்திருங்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும் தொட்டுக் கட்டணம் செலுத்தும் ப்ரீபெய்டு கார்டான இக்கோக்கா (ICOCA) வாங்கினால் 2,000 யென்னில் 500 டெபாசிட். திருப்பிக் கொடுக்கும்போது மீதியிலிருந்து 220 யென் பிடிப்பார்கள். மீதி பூஜ்யமானால் டெபாசிட் முழுதாக வரும். டோக்கியோவில் இதைத் திருப்ப முடியாது, கன்சாய் பகுதியை விட்டுக் கிளம்புமுன் ஜேஆர் வெஸ்ட் ஸ்டேஷனிலேயே முடித்துவிடுங்கள்.