அரசு இப்போது எந்தப் பத்திரிகையையும் இழுத்து மூடுவதில்லையே, பிறகு ஏன் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்கிறார்கள்?

நெருக்கடி நிலைக் காலத்துக் கதைகளைப் படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 1975 ஜூன் 25 இரவு தில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த சாலைக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள்; அடுத்த சில நாள்களில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்துக்கு உரிய இடத்தை வெற்றாக விட்டு வெளிவந்தது. அந்த அடக்குமுறை வாசகனின் கண்ணுக்குத் தெரிந்தது. நான் அனுபவித்தது யார் கண்ணுக்கும் தெரியாத வகை.

ஒரு சிறிய நாளிதழில் பதினோரு ஆண்டுகள் பகுதி நேர நிருபராக இருந்தேன். எந்த மாவட்டம், எந்த ஆட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால், “அவர்கள் ஆட்சியில் மட்டும் நடக்கவில்லையா” என்று கேட்க இருபது பேர் வருவார்கள். நடந்தது என்பதே என் பதிலும்.

ஓர் ஊராட்சியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை அமைச்சர் ஒருவர் திறந்து வைத்தார். குழாய் இணைப்பே கொடுக்காமல் திறந்தார்கள். ஏழு மாதம் கழித்தும் பெண்கள் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுத்ததைப் படத்துடன் எழுதினேன். ஒற்றைப் பத்தியில், ஐந்தாம் பக்கத்தின் அடியில் வந்தது. ஒன்பதாவது நாள் இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து எங்களுக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. தொட்டியில் தண்ணீர் வருகிறது, ஆகவே செய்தி பொய், ஆகவே அமைச்சருக்கு அவதூறு என்று புகாரில் எழுதியிருந்தது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். உங்களையோ என்னையோ ஒரு பத்திரிகை அவதூறு செய்தால், நாமே வழக்கறிஞரை வைத்துக் கீழ் நீதிமன்றத்தில் புகார் கொடுத்து, சாட்சிக் கூண்டிலும் ஏற வேண்டும். அமைச்சரையோ அரசு ஊழியரையோ அவர் பதவிக் கடமை தொடர்பாக அவதூறு செய்ததாகச் சொன்னால், அரசு அனுமதி கொடுத்து, அரசு வழக்கறிஞரே நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 199-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 222-ஆம் பிரிவாக இருக்கிறது. வழக்குச் செலவு அரசுடையது, அதாவது தண்ணீர் கிடைக்காத அந்தப் பெண்களுடையதும்தான்.

அமர்வு நீதிமன்றம் என்பதால் கொலை வழக்குக்காரர்களோடு வராந்தாவில் நிற்க வேண்டியிருந்தது. முதல் வாய்தாவில், காவலுடன் நின்றிருந்த ஓர் இளைஞர், “என்ன கேஸ் அண்ணே?” என்று கேட்டார். “தண்ணீர்த் தொட்டி” என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, “யாரைத் தள்ளி விட்டீங்க?” என்றார். அன்று சிரித்தேன். முப்பதாவது வாய்தாவில் அந்தச் சிரிப்பு என்னிடம் இல்லை. மூன்றரை ஆண்டுகளில் நாற்பத்தொரு முறை, ஒவ்வொரு முறையும் பேருந்தில் அறுபது கிலோமீட்டர் போய், டவாலி பெயரைக் கூப்பிடும்வரை நின்று, நீதிபதி விடுப்பு என்றோ, அரசுத் தரப்பு அவகாசம் கேட்கிறது என்றோ கேட்டுத் திரும்பினேன். போக முடியாத நாளில், நேரில் வர விலக்குக் கேட்டு, பழைய சட்டத்தின் 317-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டியிருந்தது. அதற்கும் வக்கீல் குமாஸ்தாவுக்குப் படி உண்டு. எனக்கோ செய்திக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத்தான் கூலி.

“பத்திரிகைக்காரர்கள் மட்டும் யோக்கியமா, கவர் வாங்கவில்லையா” என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: வாங்குகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். பொய் எழுதியவன் மீது வழக்கே கூடாது என்றும் நான் வாதிடவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பட்டியலின்படி தமிழ்நாடு அரசு ஐந்தாண்டுகளில் போட்ட அவதூறு வழக்குகள் 213. அவற்றில் ஊடகங்கள் மீதானவை 55. இத்தனையும் பொய்ச் செய்திகளுக்காகத்தான் என்று நம்ப முடிந்தால் நம்புங்கள். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், என். ராம், நக்கீரன் கோபால் உள்ளிட்டோர் மீதான இத்தகைய வழக்குகளை ரத்து செய்தபோது, அரசு சாதாரணக் குடிமகனைப் போல உணர்ச்சிவசப்பட்டு வழக்குப் போடக் கூடாது என்ற பொருள்படச் சொன்னார். 1987-இல் அட்டைப்படத் துணுக்கு ஒன்றுக்காகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்த ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பிற்பாடு ஆயிரம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. தொகை சிறிதென்றாலும், தவறு நடந்தது என்று ஒரு தாளில் பதிவாயிற்று.

எங்களுக்கு அதுவும் இல்லை. ஆட்சி மாறியதும் அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெறுவதாக மனுக் கொடுத்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. நாங்கள் எழுதியது உண்மையா பொய்யா என்று எந்த நீதிமன்றமும் கடைசி வரை சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் தலைநகரத்துப் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று மூன்று கண்டன அறிக்கைகள் வெளியிட்டது. மூன்றிலும் பெரிய இதழ்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அந்த வருத்தம் எனக்கு அரசு மீதுள்ள வருத்தத்துக்குக் குறைந்ததல்ல.

அதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. வழக்கு வந்த மாதத்திலிருந்து டெண்டர் விளம்பரங்கள் நின்றுபோயின. நிறுத்தியதாக எந்த உத்தரவும் கிடையாது; விசாரித்தால், “மேலே இருந்து வரவில்லை சார்” என்பார்கள். சிறிய நாளிதழுக்கு அந்த விளம்பரம்தான் காகிதக் கடனை அடைக்கும் பணம். எங்கள் ஆசிரியர் அஞ்சுகிறவர் அல்ல, ஆனால் நான் அனுப்புவதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில், “தம்பி, இது இப்போ அவசியமா?” என்று கேட்கத் தொடங்கினார். போடாதே என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இனி நான் சொல்லப் போவதை வீட்டிலும் சொன்னதில்லை. வழக்கின் மூன்றாம் ஆண்டில், வேறோர் ஊரிலிருந்து சத்துணவுக் கூடத்தின் சமையல் உதவியாளர் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கூரையின் பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதாகவும், பிள்ளைகளை அதன் கீழேதான் உட்கார வைப்பதாகவும் சொன்னார். போய்ப் படம் எடுத்தேன். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பேசினேன். இரவு உட்கார்ந்து நூற்றுப் பத்துச் சொற்களில் எழுதி முடித்தேன். மறுநாள் வாய்தா. பேருந்தில் போகும்போது அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வரும்போது அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. எந்த அதிகாரியும் என்னைத் தடுக்கவில்லை, ஆசிரியருக்கு அப்படி ஒரு செய்தி இருந்ததே தெரியாது. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா கைப்பேசியில் அழைத்து, “சார், எந்தத் தேதிப் பேப்பரில் வந்தது? கடையில் கேட்டால் தீர்ந்துபோச்சு என்கிறார்கள்” என்று கேட்டார். அலுவலகத்தில் பழைய பிரதி இருந்தால் எடுத்து வைக்கிறேன் என்று சொன்னேன்.