கூடாரமும் கழிவுநீரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஜூன் மாதம் அப்பாவையும் அம்மாவையும் ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலாவில் அழைத்துச் சென்றேன். இருப்பதிலேயே குறைந்த கட்டணத் திட்டம் அது. பயண நிரலில் ‘வெனிஸில் தங்கல்’ என்று இருந்தது. இறக்கிவிட்டதோ தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே பக்கம் ஒரு கேம்ப்சைட்டில். பலகைத் தரைமேல் கூடாரம், உள்ளே மூன்று கட்டில்கள். கழிப்பறையும் குளியலறையும் எல்லோருக்கும் பொது; படுக்கை விரிப்புக்குத் தனிக்காசு. அன்றிரவு இந்திய உணவகத்துக்கு வண்டியை எடுக்க ஓட்டுநர் மறுத்துவிட்டார். மறுநாள் காலை தோளில் துண்டுடன் வரிசையில் நின்ற அப்பா, “லைன் வீட்டுக் கக்கூஸ் வரிசையிலிருந்து வெளியே வர எனக்குப் பாதி ஆயுசு ஆச்சு. லட்சக்கணக்கில் செலவழிச்சு மறுபடியும் அதிலேயே கொண்டுவந்து நிறுத்திட்டியே” என்றார். அவர் கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லைன் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். நாங்கள் ஏமாற்றப்பட்டோமா? புகார் கொடுக்கலாமா?

ம., குன்னூர்

அன்புள்ள ம.,

நிரலில் ‘ஹோட்டல்’ என்று அச்சிட்டிருந்தால் தாராளமாகப் புகார் கொடுங்கள், நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ‘தங்கல்’ என்று மட்டும் இருந்தால் வாதாட அதிகமில்லை. வெனிஸ் தீவுக்குள் பேருந்து போகாது. நிலப்பகுதியிலிருந்து வரும், 1933இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்ததுமே சாலை முடிந்துவிடுகிறது. தீவுக்குள் அறை வாடகை அதிகம் என்பதால் மலிவான குழுக்கள் பெரும்பாலும் மெஸ்த்ரேயில்தான் படுக்கின்றன. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததே, ஆகவே உங்கள் ஏற்பாட்டாளர் எழுதியது சாமர்த்தியமே தவிரப் பொய் அல்ல. கட்டணம் குறைவு என்று பார்த்த நீங்கள், எதனால் குறைவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஓட்டுநரைக் குறை சொல்ல உங்களுக்கு எந்த நியாயமும் இல்லை. நான்கரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட இடைவேளை, பொதுவாக நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளின் முடிவில் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ளும். இரவெல்லாம் கண்விழித்துவிட்டு விடியற்காலையில் ஊட்டி மலையின் கல்லட்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஓட்டும் பையன்களிடம் உயிரைக் கொடுத்துப் பழகிய நமக்கு, தூங்கப் போகிறேன் என்று சொல்லும் ஓட்டுநர் திமிர் பிடித்தவராகத்தான் தெரிவார்.

உங்கள் தந்தையின் சொல் மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். குடிநீர், வீடு, கழிப்பறை மூன்றையும் தோட்ட முதலாளியின் கடமையாக்கும் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. ஆனால் என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த லைனில் கழிப்பறை என்பது கதவில்லாத, தண்ணீர் இல்லாத ஒரு கல்கட்டடம். அதன் கழிவு பின்புறச் சரிவில் இறங்கி, அதற்கும் கீழே இருந்த லைன்காரர்கள் குடம் வைக்கும் ஓடையில் கலந்தது. பெண்கள் அதையும் தவிர்த்து, விடியும் முன் தேயிலைச் செடிகளுக்கிடையே போய் வந்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஒருவருக்கு வெனிஸின் வரிசையும் அதுவாகத்தான் தோன்றும். அவர் கோபத்தில் எனக்கு எந்த முரண்பாடும் இல்லை. அவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் அங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சொல்லியிருந்தால் வரமாட்டேன் என்றிருப்பார், அல்லது தெரிந்தே வந்திருப்பார். இரண்டும் அவருக்கு மரியாதை.

ஆனால் பொதுக் கழிப்பறை என்றாலே இழிவு என்று அவர் சார்பில் நீங்களும் முடிவுகட்டிவிட வேண்டாம். சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவுப்பாக் அருவி கண்ணில் படும்படியான ஒரு கேம்ப்சைட்டில் நானும் தங்கியிருக்கிறேன். நம்மவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கோத்தகிரியின் கேத்தரின் அருவியை நினைக்கும் நேரத்தில் என் கண் பாத்திரம் கழுவும் தொட்டிகளின்மேல் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற வயதான மனிதர் தட்டில் மிஞ்சியதைக் காகிதத்தால் வழித்துக் குப்பைக் கூடையில் போட்டார், பிறகு கழுவினார், பிறகு அடுத்தவருக்காகத் தொட்டியையும் துடைத்துவிட்டுப் போனார். கேரவன் எனப்படும் வண்டிவீடுகளில் வந்தவர்கள் தங்கள் கழிப்பறைப் பெட்டிகளை அதற்கென்று அமைத்த ஒரே இடத்தில்தான் கொட்டினார்கள். பள்ளத்தாக்கின் நடுவே பனியுருகிய ஆறு ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் எதுவும் இறங்கவில்லை.

அவர்கள் பிறவியிலேயே சுத்தக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. 1963இல் ஸெர்மாட் என்னும் புகழ்பெற்ற மலைச் சுற்றுலா ஊரில் கழிவுநீர் குடிநீரில் கலந்து டைஃபாய்டு பரவியது. 400க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், 3 பேர் இறந்தார்கள். ஊர் பெயர் உலகெங்கும் நாறியது. 1965இல் அந்த நாட்டு மக்களில் 14 சதவீதத்தினரின் வீடுகள்தான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைந்திருந்தன. 1971இல் நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கிப் பணத்தைக் கொட்டிக் குழாய் பதித்தார்கள். இன்று 97 சதவீதத்துக்கும் மேல். சாவு விழுந்த பிறகு செலவழித்துக் கற்றுக்கொண்ட பாடம் அது, குணவிசேஷம் அல்ல.

நாம் அங்கே போய் எதைப் பார்த்துவிட்டு வந்தோம்? கூடாரத்தைப் பார்த்தோம். திரும்பி வந்து கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் பூம்பாறையிலும், இங்கே எங்கள் தேயிலைச் சரிவுகளிலும் வண்ண வண்ணமாகக் கூடாரங்களை நட்டோம். மண்ணுக்குக் கீழே இருக்கும் குழாயை யாரும் படம் எடுப்பதில்லை, ஆகவே அது மட்டும் இங்கே வந்து சேரவில்லை. இருபது கூடாரங்களுக்கு இரண்டு கழிப்பறைகள், அவற்றுக்கு அடியில் சிமெண்ட் பூசாத ஒரு குழி, குழி நிறைந்தால் ஓடை. கோத்தகிரியின் ஓடைகள் ஒருபக்கம் மோயாற்றுக்கும் மறுபக்கம் பவானிக்கும் இறங்கி, பவானிசாகர் அணையில் ஒன்றாகின்றன. சமவெளியில் எத்தனையோ ஊர்களின் குடிநீர் அது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கேட்கிறார்கள். வரும் வண்டிகளை எண்ணுகிறோம், வந்தவர்கள் காலையில் விட்டுச் செல்வது எங்கே போகிறது என்று கேட்பதில்லை. மலையேறி வருபவர் ஒரே ஓர் இரவுக்காக, உங்கள் தந்தை பாதி ஆயுள் கொடுத்துத் தப்பிவந்த அதே கழிப்பறையை, விளக்குச் சரம் கட்டி, ஆயிரக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார். கழிவு இறங்கும் திசையும் மாறவில்லை, கீழே குடம் வைப்பவர்களும் மாறவில்லை.

உங்கள் தந்தை இன்னும் கோபமாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். இருக்கட்டும், அந்தக் கோபம் இங்கே தேவைப்படுகிறது. அக்டோபர் 2ஆம் தேதி எங்கள் ஊராட்சியின் கிராமசபையில் கூடாரத் தங்கல்களின் கழிவுநீர் பற்றிக் கேட்கவிருக்கிறோம். நான் எழுந்து கேட்டால், எழுத்தாளர் பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டே டீ கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அவர் பிறந்த லைன் எங்கள் ஊராட்சி எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டு எழுதுங்கள். வருகிறதென்றால் காலை பத்து மணிக்கு முன் அவரை அழைத்து வாருங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.